எத்தனை பெண்கள் என்பதோடு, எந்தத் தொகுதியில் என்றும் கேட்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாடாளுமன்றத்தில் பெண்களுக்கான ஒதுக்கீடு பற்றிப் பேச்செடுத்தாலே 30 சதவீதமா, 33-ஆ, 50-ஆ என்பதிலேயே விவாதம் முடிந்துவிடுகிறது. ஆனால் சட்டத்தில் இருக்கும் சதவீதம் அவைக்குள் போய்ச் சேராமல் நிற்பது வேட்பாளர் பட்டியலில்தான்.

கட்சிப் பட்டியலுக்கு வாக்களிக்கும் விகிதாசார முறையில், ஒரு மாகாணத்துக்கு 10 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்சி வழக்கமாக 4 இடங்களைப் பிடிக்கும்; அதன் பட்டியலில் முதல் 4 பெயர்களுக்குரியவர்கள் அவைக்குப் போவார்கள். பட்டியலில் 4 பெண்களைச் சேர்த்து, அவர்களை 7 முதல் 10 வரை நிறுத்தினால் சட்டப்படி 40 சதவீதம் சரியாகிவிடும்; அவைக்கு ஒருவர்கூடப் போகமாட்டார். கோஸ்டாரிக்காவில் 1996-ல் 40 சதவீதச் சட்டம் வந்தும், 1998 தேர்தலில் 57 பேர் அவைக்கு 11 பெண்களே வந்தனர். 1999-ல் அந்நாட்டுத் தேர்தல் தீர்ப்பாயம் தலையிட்டது. பெண்களின் பெயர்கள் வெற்றி வாய்ப்புள்ள வரிசை எண்களில் இருக்க வேண்டும், அது எந்த எண் வரை என்பதை முந்தைய தேர்தல்களில் அந்த மாகாணத்தில் கட்சி பெற்ற இடங்களை வைத்துக் கணக்கிட வேண்டும் என்றது. 2002-ல் 20 பெண்கள் தேர்வாயினர். சதவீதம் அதே 40தான்.

தொகுதிக்கு ஒருவர் என்ற முறையில் இதே தந்திரம் வேறு வடிவில் வரும். டெபாசிட் தேறாத தொகுதிகளைப் பெண்களிடம் தள்ளிவிட்டு, 'நாங்கள் வாய்ப்புக் கொடுத்தோம், மக்கள்தான் வாக்களிக்கவில்லை' என்பார்கள். தடுக்க வழி இருக்கிறது. கட்சி போட்டியிடும் தொகுதிகளைச் சென்ற தேர்தலில் அது வாங்கிய வாக்கு சதவீதப்படி வரிசைப்படுத்தி, வலுவானவை, நடுத்தரம், பலவீனமானவை என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் பெண்களின் பங்கைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். மெக்சிகோ 2014-ல், மிகக் குறைந்த வாக்கு வாங்கிய தொகுதிகளை ஒரே பாலினத்தவருக்கு மட்டும் ஒதுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியது.

'ஜெயிக்கக்கூடிய பெண் கிடைப்பதில்லை' என்பதும் அடிக்கடி கேட்கும் சமாதானம். வலுவான தொகுதிகளில் பதவியில் இருப்பவரே திரும்பத் திரும்ப நிற்பதால் புதியவருக்கு வாசல் திறப்பதில்லை என்பதே உண்மைக் காரணம். அதனால் உறுப்பினர் ஓய்வு பெறும் தொகுதிகளைக் குறிவைக்க வேண்டும். பிரிட்டனின் தொழிற்கட்சி, அத்தகைய தொகுதிகளிலும் கைப்பற்றக்கூடிய முக்கியத் தொகுதிகளிலும் பாதித் தொகுதிகளில், பெண்களின் பெயர்கள் மட்டுமே கொண்ட பட்டியலிலிருந்து வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதென்று 1993-ல் முடிவெடுத்தது. 1992-ல் 37-ஆக இருந்த அக்கட்சியின் பெண் உறுப்பினர்கள் 1997-ல் 101 ஆனார்கள்.

அபராதம் போதாது. பிரான்சில் 2000-ல், வேட்பாளர்களில் ஆண்களும் பெண்களும் சம பங்கில் இருக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. மீறினால் அரசு நிதியில் வெட்டு. பெரிய கட்சிகள் வெட்டை ஏற்றுக்கொண்டு பெரும்பாலும் ஆண்களையே நிறுத்தின. 2002 நாடாளுமன்றத்தில் பெண்கள் சுமார் 12 சதவீதம்தான். விதியை மீறிய பட்டியலைத் தேர்தல் அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டால் இந்தப் பேரத்துக்கே இடமிருக்காது.

வெற்றிக்குப் பின்னும் ஓட்டைகள் உண்டு. மெக்சிகோவில் 2009-ல் தேர்வான பெண்கள் சிலர் பதவியேற்றதுமே விடுப்பு எழுதிக்கொடுக்க, அவர்களோடு சேர்த்தே மாற்று உறுப்பினர்களாகத் தேர்வாகியிருந்த ஆண்கள் வந்து உட்கார்ந்தார்கள். பெண் வேட்பாளருக்கு மாற்றும் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று 2011-ல் தீர்ப்பு வந்தது. பொலிவியாவின் 2012 சட்டம் இன்னும் நுட்பமானது: பதவியில் இருக்கும் பெண் ராஜினாமா செய்வதானால், தேர்தல் அமைப்பின் முன் நேரில் வந்து கடிதம் தர வேண்டும். மிரட்டி வாங்கிய கையெழுத்து அங்கே செல்லாது.

பணம் தனிச் சிக்கல். பிரேசிலில் பெண் வேட்பாளர் விகிதத்தைக் காட்டுவதற்காக, பிரசாரமே செய்யாத பெயர்களைக் கட்சிகள் சேர்த்தன. கட்சிகளின் பிரசாரத்துக்கான அரசு நிதியில் குறைந்தது 30 சதவீதம் பெண்களுக்குப் போக வேண்டும் என்று 2018-ல் நீதிமன்றங்கள் உத்தரவிட்டன. தொகையோடு தேதியும் முக்கியம். கடைசி வாரத்தில் கைக்கு வரும் பணத்தை வைத்து பூத் ஏஜென்ட்டுகளைத் திரட்ட முடியாது.

அடுத்த தேர்தலில் வேட்பாளர் பட்டியலை வெளியிடும்போது, ஒவ்வொரு பெண் வேட்பாளரின் பெயருக்கு எதிரிலும் அந்தத் தொகுதியில் சென்ற முறை அவருடைய கட்சி வாங்கிய வாக்கு சதவீதத்தையும் தங்கள் நாளிதழ் அச்சிட வேண்டுகிறேன். கட்சித் தலைமைகளிடம் அதை வைத்தே கேள்வி கேட்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்