எம்.பி. ஆகாமலே மந்திரியான ஒருத்தரப் பத்தி

மாப்ள,

உன் கடிதம் புதன்கிழமை வந்துச்சு. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சப்பறம்தான் மனசு நிம்மதி ஆச்சு, சொட்டு மருந்த மட்டும் நேரம் தவறாம விடு, வயலுக்குப் போற அவசரத்துல மறந்துடாத. இங்க எல்லாரும் சுகம்டா. பெரியவளுக்கு யூனிவர்சிட்டில கடைசி வருஷம், குளிர் இன்னும் விட்டபாடில்ல, எனக்கு முட்டி வலி அப்பப்ப வந்துட்டுப் போகுது, வேற ஒண்ணும் இல்ல.

நீ கேட்டிருந்தியே, எம்.பி. எலெக்‌ஷன்ல ஜெயிக்காத ஆளெல்லாம் லண்டன்ல மந்திரி ஆயிடறாங்களே, இது கொல்லப்புற வழி இல்லையான்னு, அது ஒரு வாரமா மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்குடா. உடனே எனக்கு ஞாபகம் வந்த ஆளு ஆண்ட்ரூ அடோனிஸ், லேபர் கட்சி ஆட்சில அப்படி மந்திரி ஆனவரு. ஆபீசுக்கு தெனமும் லண்டன்ல யூஸ்டன் ஸ்டேஷன் பக்கமா நடந்து போறவன் நான், அந்த வழில அவரு பேரு ஞாபகம் வராம இருக்காது, ஏன்னு அப்பறம் சொல்றேன்.

அவரு கதைய முதல்ல கேளு. அப்பா சைப்ரஸ்ல இருந்து பொழைக்க வந்தவரு, ஓட்டல்ல வெயிட்டரா இருந்து அப்பறம் போஸ்ட்மேன் ஆனவரு. பையனுக்கு 3 வயசு இருக்கும்போதே அம்மா குடும்பத்த விட்டுட்டுப் போயிட்டாங்க. அப்பறம் கவுன்சில், அதாவது உள்ளாட்சி, நடத்துற சில்ட்ரன்ஸ் ஹோம்லதான் வளந்தான். 11 வயசுல கவுன்சில் பணம் கட்டி ஆக்ஸ்ஃபோர்டுஷயர்ல கிங்ஹாம் ஹில்னு ஒரு போர்டிங் ஸ்கூலுக்கு அனுப்புனாங்க, அங்கதான்டா அவரு தலையெழுத்தே மாறுச்சு. அங்கேருந்து ஆக்ஸ்ஃபோர்டு, ஹிஸ்டரில ஃபர்ஸ்ட் கிளாஸ், டாக்டர் பட்டம். பட்டத்துக்கு எடுத்துக்கிட்ட விஷயம் என்ன தெரியுமா, பிரிட்டிஷ் பிரபுக்கள் அரசியல்ல எப்படி அதிகாரத்த வச்சிருந்தாங்கன்னு! போஸ்ட்மேன் மகன் பிரபுக்களப் பத்தி ஆராய்ச்சி பண்ணி, பின்னாடி அவரே பிரபு சபைக்கு, அதாவது ஜனங்க ஓட்டு போடாம ஆளுங்க வர்ற பார்லிமென்ட் மேல்சபைக்கு, போய் உக்காந்தாரு, இத நெனச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்குது.

நடுவுல பேப்பர்ல வேலை, ஃபைனான்ஷியல் டைம்ஸ், அப்சர்வர். முதல்ல லிபரல் டெமாக்ரட் கட்சி, 1995ல லேபருக்கு வந்தாரு. 1998ல பிரதமர் டோனி பிளேயர் அவர நம்பர் 10க்கு, அதான் பிரதமர் ஆபீசுக்கு, கூப்பிட்டுக்கிட்டாரு, கல்வி ஆலோசகரா. இந்த மாதிரி ஆளுங்கள இங்க ஸ்பேட்னு சொல்லுவாங்க, ஸ்பெஷல் அட்வைசர்ங்கறதோட சுருக்கம். சம்பளம் அரசாங்கம் குடுக்கும், ஆனா மந்திரியோட ஆளு, மந்திரி போனா இவரும் போகணும். வெளில பேரு தெரியாது, பைல்ல குறிப்பு எழுதறது இவருதான்.

அகாடமி ஸ்கூல் திட்டத்துக்கு மூளை இவருதான்டா. சரியா நடக்காத ஸ்கூல கவுன்சில் கையில இருந்து எடுத்து, ஒரு ஸ்பான்சர் 20 லட்சம் பவுண்டு வரைக்கும் போட, மிச்சத்த அரசாங்கம் போட்டு, தனி நிர்வாகமா நடத்தறது. லண்டன்ல ஹாக்னிங்கற பேட்டைல ஹாக்னி டவுன்ஸ்னு ஒரு ஸ்கூலு, நாட்டுலயே மோசமான ஸ்கூல்னு பேப்பர்ல போட்டு கிழிச்சு 1995ல மூடிட்டாங்க. அதே எடத்துல 2004ல மாஸ்போர்ன் அகாடமி தெறந்து, அதே தெருப் பிள்ளைங்க படிச்சு வந்த ரிசல்ட்ட பாத்து நாடே பேசுச்சு. 2010ல லேபர் ஆட்சி போறப்ப 203 அகாடமி, இப்ப செகண்டரி ஸ்கூல்ல முக்காவாசிக்கு மேல அகாடமிதான். எல்லாமே நல்லதுன்னு சொல்ல மாட்டேன். நம்ம பெரியவ படிச்ச ஸ்கூலும் பாதில அகாடமி ஆச்சு, பேரு வேண்டாம், மொத வேலையா லைப்ரரியன நிறுத்துனாங்க. அந்தம்மாதான் எம்பொண்ணுக்கு வாரம் ஒரு புக்கு எடுத்து வச்சுக் குடுப்பாங்க, கடைசி நாள் இவ அழுதுட்டே வந்தது எனக்கு இன்னும் ஆறல.

அப்பறம் காலேஜ் ஃபீஸ். 2004 ஜனவரில 3,000 பவுண்டு ஃபீஸ் மசோதா வெறும் 5 ஓட்டு வித்தியாசத்துல தப்பிச்சுச்சு, அதுக்குப் பின்னாடியும் அடோனிஸ்தான். 2012ல அது 9,000 ஆச்சு, வேற ஆட்சில. 2017ல அவரே எழுதுனாரு, இந்த ஃபீஸ எடுத்துடணும்னு. தப்ப ஒத்துக்கறதுக்கு ஒரு மனசு வேணும், அத நான் மதிக்கிறேன், ஆனா எம்பொண்ணு பேர்ல இருக்கற லோன் அப்படியேதான்டா இருக்கு.

2005ல தேர்தல் முடிஞ்சதும் பிளேயர் அவர பிரபு ஆக்கி கல்வித் துறைல மந்திரி ஆக்கிட்டாரு. இங்க மந்திரின்னா ரெண்டு சபைல ஒண்ணுல இருக்கணும்ங்கறது வழக்கம். 1958 சட்டப்படி உயிரோட இருக்கற வரைக்கும் பிரபு, பிள்ளைங்களுக்குப் போகாது. வெள்ளை ரோமம் வச்ச செவப்பு அங்கி போட்டு ரெண்டு பிரபுக்கள் கூட வர, மன்னரோட நியமனப் பத்திரத்த வாசிச்சு உறுதிமொழி எடுப்பாங்க. பட்டத்துல ஊர் பேரு சேக்கணும், அவரு சேத்துக்கிட்டது கேம்டன் டவுன்.

எனக்கு அவர்கிட்ட ரொம்பப் புடிச்சது ரயில் சமாச்சாரம். 2009 ஏப்ரல்ல போக்குவரத்து மந்திரியா இருந்தப்ப, சாதாரண ரயில் பாஸ் எடுத்துக்கிட்டு ஒரு வாரம் நாடு பூரா 2,000 மைலுக்கு மேல சுத்துனாரு, ஸ்டேஷன்ல கக்கூஸ், டீக்கடை, வெயிட்டிங் ரூம் எல்லாம் நேர்ல பாத்து எழுதுனாரு. ஜூன்ல கேபினட்டுக்கு வந்துட்டாரு. 2010 மார்ச்ல அதிவேக ரயில் திட்டம், ஹெச்எஸ்2, லண்டன்ல இருந்து பர்மிங்காம், அங்கேருந்து மான்செஸ்டரும் லீட்ஸும், 30 பில்லியன் பவுண்டுன்னு கணக்கு. ரெண்டு மாசத்துல ஆட்சி போச்சு. ஆனா அடுத்து வந்தவங்க திட்டத்த விடல, 2017ல சட்டமாவும் ஆக்குனாங்க. லீட்ஸ் கிளைய 2021ல வெட்டுனாங்க, மான்செஸ்டர 2023ல.

நான் தெனமும் பாக்கறது அந்த மிச்சத்ததான். இந்த ரயில் லண்டன்ல வந்து நிக்க வேண்டிய எடம் யூஸ்டன், அங்க பெரிய தகர மறைப்பு, அதுக்கு உள்ள இருந்த தோட்டம் ஒரு பழைய இடுகாடு, ஆயிரக்கணக்குல எலும்ப எடுத்து வேற எடத்துல பொதச்சாங்க. பக்கத்துல ட்ரம்மண்ட் ஸ்ட்ரீட், நம்மூர்க்காரங்க கடைங்க, தோசைக்கு நான் போற தெரு, ஸ்டேஷன் வழிய அடைச்சதுல யாவாரம் படுத்துடுச்சு. இதெல்லாம் எந்த பேட்டைன்னு கேளு, கேம்டன்டா, அவரு பட்டத்துல வச்சிருக்கற அதே கேம்டன்.

அதனால உன் கேள்விக்கு நான் சொல்ற பதில் இதான்: அவரு உள்ள வந்தது தப்புன்னு என்னால சொல்ல முடியல, ஒரு நல்ல ஸ்கூல் ஒருத்தன எங்க கொண்டு போகும்னு சொந்த வாழ்க்கைல தெரிஞ்சவரு, அப்படி ஒரு ஆளு எலெக்‌ஷன்ல ஜெயிச்சுதான் வரணும்னா வராமலே போயிருக்கலாம். ஆனா அந்த தோசைக்கடைக்காரரு யார்கிட்ட போய் கேப்பாரு? எம்.பி.ன்னா அடுத்த தேர்தல்ல வாசலுக்கு வந்துதான ஆகணும், பிரபு வர வேண்டியதில்ல. இது ரெண்டும் எனக்குள்ள ஒண்ணா இருக்குடா, ஒண்ண விட்டுட்டு ஒண்ண புடிக்க முடியல. நீ என்ன நெனைக்கறன்னு எழுது, சண்ட போட்டாலும் சரி.

ஞாயித்துக்கெழம அம்மாவுக்கு வீடியோ கால் போடறேன், கட்டு பிரிச்சிருப்பாங்கள்ல, என் மூஞ்சி தெரியுதான்னு கேக்கணும்.

உன்
மாப்ள