மானியம் கைக்கு வராது, கணக்கில் கிடக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான பி.எம்.எஃப்.எம்.இ. கடன் திட்டம் பற்றிய செய்திகளில் '35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம்' என்பதுதான் கொட்டை எழுத்தில் வருகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் தேங்காய் எண்ணெய் ஆலை போடக் கிளம்புகிறவர்களுக்கு இடறுவது வேறு இடத்தில்.

ஆலை 12 லட்சம் என்று வைப்போம். கைக்காசு 10 சதவீதம், அதாவது 1.20 லட்சம். மீதி 10.80 லட்சம் வங்கிக் கடன். மானியம் 4.20 லட்சமும் கடன் கொடுத்த வங்கியிலேயே தனிக் கணக்கில் கிடக்கும். கடனின் கடைசிப் பகுதி வந்து 3 ஆண்டு கழிந்து, கணக்கு வாராக்கடன் ஆகாமல், ஆலையும் ஓடிக்கொண்டிருந்தால்தான் அதைக் கடனில் கழிப்பார்கள். 10.80 லட்சத்துக்கும் 10 சதவீத வட்டி, 7 ஆண்டு என்று போட்டால் மாதத் தவணை சுமார் 17,900 ரூபாய். மானியத் தொகைக்கு நேரான கடனுக்கும் வட்டி ஓடுமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கிளையில் எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

ஆலையைப் படுக்கவைப்பது பெரும்பாலும் தவணை அல்ல, கொப்பரை. நாளுக்கு 100 கிலோ ஆட்டினால் 60 கிலோவுக்குச் சற்று மேல் எண்ணெய் கிடைக்கும். கடைக்காரரிடமிருந்து பணம் திரும்ப ஒரு மாதம் ஆகும். 25 வேலைநாளுக்கு 2,500 கிலோ. கிலோ 200 ரூபாய் என்றாலே 5 லட்சம் முடங்கும். மானியத்தைக் கணக்கிடும்போது இப்படிச் சரக்கில் முடங்கும் நடைமுறை மூலதனம் சேராது, நிலத்தின் விலையும் சேராது. இயந்திரக் கடனோடு, கொப்பரை வாங்க அவ்வப்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் ரொக்கக் கடன் வரம்பும் (கேஷ் கிரெடிட்) கேட்காதவர் ஆலையைத் திறந்த இரண்டாம் மாதமே வட்டிக்காரரிடம் போய் நிற்கிறார்.

இரண்டு பருவமழையும் கொட்டும் மாவட்டம் இது. கொப்பரையில் ஈரம் 6 சதவீதத்தைத் தாண்டினால் பூசணம் பிடிக்கும், எண்ணெய் காறும். ஆகவே உலர்த்தியையும் முதல் விலைப்புள்ளியிலேயே சேர்க்க வேண்டும். மத்திய அரசின் இன்னொரு திட்டமான வேளாண் உட்கட்டமைப்பு நிதியின் 3 சதவீத வட்டிச் சலுகை நடப்பில் இருந்தால், அதற்குத் தனி இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கேட்காமல் கிளைகளில் சொல்வது அபூர்வம்.

தோட்டத்தின் இலவச மின் இணைப்பில் செக்கு ஓட்டக் கூடாது. கூட்டுப் பட்டா நிலமென்றால் பங்காளிகளின் சம்மதக் கடிதத்தை முதலிலேயே வாங்கிவிடுவது நல்லது. கடன் அனுமதிக்கு முன் இயந்திரத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

திட்டம் நடப்பில் உள்ளதா என்பதை நாகர்கோவில் கோணத்திலுள்ள மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம். அடுத்த முறை இச்செய்தியை வெளியிடும்போது மானியத்துக்குப் பக்கத்திலேயே மாதத் தவணையையும் கொப்பரைப் பணத்தையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

— வாசகர், குலசேகரம்