கிரான் வெள்ளத்துல எங்கட புள்ளைகளப் பாத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். டிட்வா புயல் போய், வீடு வாசல் கழுவி, சேறு அள்ளி முடியவே நாள் போயிட்டு, லேட்டா எழுதுறன், கோவிக்காதீங்க.

மட்டக்களப்புல எங்கட கிரான் பக்கத்துக்கு வெள்ளம் புதுசில்ல. புலிபாய்ந்தகல் ரோட்டுக்கு மேலால தண்ணி பாய்ஞ்சா அங்கால உள்ள சனத்துக்கு தோணியும் உழவு மெசினும்தான் கதி. ஆனா 2024 நவம்பர்ல ஃபெங்கல் புயல், 2025 நவம்பர்ல டிட்வா, ரெண்டு வருசமும் ஏ.எல் (உயர்தர) சோதனை நடுவுல நிண்டு போச்சு, படிச்ச புள்ளைக்கு அது எவ்வளவு பெரிய அடி! கடல் சூடாகினா காத்து கூட தண்ணிய சுமக்கும், கொட்டினா ஒரேயடியா கொட்டும் எண்டு படிச்சவங்க சொல்றாங்க. 1978 சூறாவளியப் பாத்த எங்கட அம்மம்மாவும் "இப்படி அடுத்தடுத்து வந்ததில்ல மனே" எண்டுறா.

அரிசி பருப்பு தாறவங்க எப்பவும் இருக்காங்க, அது பெரிய விசயம்தான். புள்ளைக்கு என்ன வேணும் எண்டு கேட்டவங்களுக்குத்தான் இந்த மடல்.

டீசல் காசு கூட வாங்காம, இருட்டுல கைக்குழந்தைக்காரிகள ஏத்தி இறக்கின தோணிக்கார அண்ணன்மாரே, உங்களுக்கு என்ன சொல்ல. மருத்துவிச்சி அக்கா, நனைஞ்சு போன கிளினிக் கொப்பியெல்லாம் பாத்துப் பாத்து திரும்ப எழுதிக் குடுத்தீங்க, குமருப் புள்ளைகளுக்கு பேட் கேட்டு வாங்கி, குளிக்கிற இடத்துக்கு சாறியால மறைப்பும் கட்டினீங்க, நிவாரண லிஸ்ட்டுல இதெல்லாம் வாறதே இல்ல. ஓட்டமாவடியில இருந்து சோறு கொண்டு வந்த முஸ்லிம் நானாமார், சின்னதுகளுக்கு உறைப்பில்லாம வேற சட்டியில ஆக்கினத நாங்க கவனிச்சம்.

ஒண்ணு சொல்லணும். வெள்ளாமை அழிஞ்ச வீட்டுல முதல் நிக்கிறது புள்ளைட படிப்புதான். டியூசன் நிக்கும், பிறகு பத்தாம் ஆண்டுப் பொடியன் "கொஞ்ச நாளைக்கு" எண்டு கடையில வேலைக்குப் போவான், திரும்பி வரமாட்டான். வீடு வீடாப் போய் தகப்பன்மாரோட கதைச்சு, சண்டையும் பிடிச்சு, பொடியன்கள திரும்பக் கூட்டி வந்த சேர்மாருக்கும் டீச்சர்மாருக்கும் எங்கட பெரிய கும்பிடு. இடி இடிச்சா மேசைக்குக் கீழ போற சின்னவள மடியில வச்சு படிப்பிச்ச டீச்சர், நீங்க பேர் போட வேணாம் எண்டதால போடயில்ல.

கனடா, சுவிஸ்ல இருந்து அனுப்பின காசுல கொப்பி, சப்பாத்து, பை வாங்கினம். மிஞ்சினத வாற மழைக்கு சோதனை எழுதுற புள்ளைகள் ஆத்துக்கு இங்கால தங்கிப் படிக்க ஒதுக்கியிருக்கம். பில் எல்லாம் கைவசம் இருக்கு, பாக்கணும் எண்டா கேளுங்க, அனுப்பி விடுறம்.