போன் ஹேங் ஆனால் முதலில் ஸ்டோரேஜைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில், பட்ஜெட் போன் அடிக்கடி ஹேங் ஆனால் என்ன செய்யலாம் என்று ஒரு துணுக்கு வந்திருந்தது. க்ளீனர் ஆப் ஒன்றைப் போடுங்கள், திறந்து கிடக்கும் ஆப்களை அடிக்கடி தள்ளி மூடுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கும் ரீசெட்டைச் செய்யுங்கள் என்று மூன்றே மூன்று யோசனை. என் அக்கா அதை வெட்டி வைத்துக்கொண்டு வரிசையாகச் செய்யப் புறப்பட்டுவிட்டார். முதல் இரண்டையும் முடித்து, மூன்றாவதற்கு விரலை வைக்கப் போகும் நேரத்தில்தான் விஷயம் என் காதுக்கு வந்தது. நல்ல வேளை. எந்தப் பேக்கப்பும் எடுத்திருக்கவில்லை. கூகுள் கணக்கின் பாஸ்வேர்டும் அவருக்கு நினைவில்லை.

அந்த போனின் நிலைமையைச் சொல்கிறேன். 3 ஜிபி ரேம் (ஓடிக்கொண்டிருக்கும் ஆப்கள் தற்காலிகமாகத் தங்கும் இடம்), 32 ஜிபி ஸ்டோரேஜ் (படம், ஆப் எல்லாம் நிரந்தரமாக இருக்கும் இடம்). அழைப்பு வரும், மணி அடிக்கும், திரை கறுப்பாகவே இருக்கும். யார் கூப்பிடுகிறார்கள் என்ற பெயர் வந்து நிற்கும்போது எதிர்முனையில் வைத்திருப்பார்கள். தட்டச்சு செய்தால் எழுத்து எதுவும் வராது, நான்கு நொடி கழித்து எல்லா எழுத்தும் மொத்தமாகக் கொட்டும், அதற்குள் அக்கா ஒரே எழுத்தை ஐந்து தடவை தட்டியிருப்பார், அதுவும் சேர்ந்து வரும். க்ளீனர் ஆப்பைத் திறந்தால் ஒரு ராக்கெட் பறக்கும், 1.2 ஜிபி சுத்தமாகிவிட்டது என்று பச்சை எழுத்தில் சொல்லும், உடனே ஒரு விளம்பரம். அந்த விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறியைத் தட்டினால் போன் மறுபடி உறைந்து நிற்கும். "தம்பி, சுத்தம் பண்ணப் பண்ண இன்னும் மோசமாப் போகுது" என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை.

ரேம் எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். போன் உறைவதற்கு ரேம் குறைவும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் விலை குறைந்த போன்களில் நான் பார்த்தவரை பெரிய வில்லன் ஸ்டோரேஜ். அது எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எந்த வகையைச் சேர்ந்தது என்ற இரண்டு கேள்வியும் முக்கியம். அக்கா போனில் மிச்சமிருந்த இடம் 400 எம்பி கூட இல்லை.

இடம் நிரம்பினால் படம் எடுக்க முடியாமல் போகலாம், வேகம் ஏன் குறைய வேண்டும் என்று கேட்கலாம். போனுக்குள் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். அதில் எழுதுவது சின்னச் சின்னப் பக்கங்களாக, அழிப்பது மட்டும் பல பக்கம் சேர்ந்த பெரிய கட்டுகளாக. ஒரு வரியை மட்டும் ரப்பர் வைத்து அழிக்க முடியாத நோட்டுப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டியதையெல்லாம் வேறு தாளில் பார்த்து எழுதிவிட்டு, பழைய தாளைக் கிழித்துப் போட வேண்டும். காலித் தாள் நிறைய இருந்தால் இந்த வேலை நமக்குத் தெரியாமல் ஓரமாக நடக்கும். தாளே இல்லையென்றால், நீங்கள் ஒரு செய்தி அனுப்பும் அந்த நேரத்திலேயே அதைச் செய்தாக வேண்டும். நாம் ஹேங் என்று சொல்லும் அந்த மூன்று நொடியில் உள்ளே பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. அப்புறம், விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் இருப்பது இஎம்எம்சி என்ற பழைய வகை. அதில் ஒரு நேரத்தில் படிக்கத்தான் முடியும், அல்லது எழுதத்தான் முடியும். விலை கூடிய போன்களில் வரும் யுஎஃப்எஸ் வகையில் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கும். பின்னால் ஏதோ ஒரு ஆப் அப்டேட் ஆகிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தால் இஎம்எம்சி போன் ஏன் திணறுகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

இந்த நிலையில் க்ளீனர் ஆப் என்ன செய்கிறது? ரேமில் இருக்கும் ஆப்களை விரட்டுகிறது. ரேமில் இடம் தேவைப்பட்டால் ஆண்ட்ராய்டு தானே பழைய ஆப்களை வெளியேற்றிக்கொள்ளும், அதற்கு யாருடைய உதவியும் வேண்டாம். விரட்டப்பட்ட ஆப் சும்மாவும் இருக்காது, பாதி தானாகவே எழுந்து வரும், மீதியை நாமே திறப்போம். எழுந்து வருவது எங்கிருந்து? அதே மெதுவான ஸ்டோரேஜிலிருந்து. ஆக, நொண்டும் மாட்டின் மேல் இன்னொரு மூட்டையை ஏற்றிவிட்டு வேகமாகப் போ என்கிறோம். ஆப்களை ஒவ்வொன்றாகத் தள்ளி மூடும் பழக்கமும் இதே ரகம்தான். (எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு, பஸ்ஸில் உட்கார்ந்தால் விரல் தானாகப் போகிறது.) உறைந்து நிற்கும் ஒரே ஒரு ஆப்பை மூடுவதில் தப்பில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் துடைத்தெறிவதுதான் வீண் வேலை.

சரி, அக்கா போனுக்கு என்ன செய்தேன் என்று சொல்கிறேன். முதலில் க்ளீனர் ஆப்பை நீக்கினேன். நீக்குவதற்குள் போன் இரண்டு தடவை உறைந்தது. இரண்டு தடவையும் பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்துச் சில நொடி அழுத்திப் பிடித்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருந்தது. சில போன்களில் பவர் பட்டனை மட்டும் நீண்ட நேரம் பிடித்தாலே போதும்.

அடுத்தது வாட்ஸ்அப். இருக்கிற இடத்தில் 9 ஜிபியை அதுவே தின்றிருந்தது. அதன் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்ற பகுதிக்குள் மேனேஜ் ஸ்டோரேஜ் என்று ஒன்று இருக்கிறது. பல தடவை ஃபார்வர்ட் ஆனவை, 5 எம்பிக்கு மேல் பெரியவை என்று அதுவே பிரித்து வைத்திருக்கும். காலை வணக்கப் படங்கள், ஒரே வீடியோ நாலு குழுவிலிருந்து, யாரோ வீட்டு விசேஷத்தின் எண்பது படங்கள். அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் அழித்தேன். கேட்காமல் அழித்திருந்தால் வீட்டில் வேறு ஹேங் ஆகியிருக்கும். அப்புறம் தானாக டவுன்லோடு ஆவதை எல்லா இடத்திலும் அணைத்தேன். இந்த ஒரு வேலையைச் செய்யாவிட்டால் இரண்டு மாதத்தில் பழைய கதைதான்.

அழித்தும் இடம் கூடவில்லை என்று அக்கா அலுத்துக்கொண்டார். பலருக்கும் இது நடக்கும். கூகுள் ஃபோட்டோஸில் அழித்த படம் நேராகக் குப்பைத்தொட்டிக்குப் போய் உட்காருகிறது, பேக்கப் ஆன படம் என்றால் 60 நாள் வரை அங்கேயே இருக்கும். அந்தத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஃபோட்டோஸில் போய்ப் படத்தை அழித்தால் பேக்கப்பிலிருந்தும் சேர்ந்தே போய்விடும். போனில் மட்டும் இடம் காலியாக வேண்டும் என்றால், அதற்கென்று ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்ற தனி வழி அதே ஆப்பில் இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

எல்லாம் முடிந்தபோது 8 ஜிபிக்குக் கொஞ்சம் மேல் காலி. ஸ்டோரேஜில் கால் பங்காவது காலியாக வைத்திருப்பது என் கணக்கு, ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே போக விடுவதில்லை. அன்று இரவு போனைச் சார்ஜில் போட்டுத் தொடாமல் வைக்கச் சொன்னேன். அழித்த இடங்களை ஃபிளாஷுக்குச் சொல்லி ஒழுங்குபடுத்தும் டிரிம் என்ற வேலையை, 2013இல் வந்த 4.3 பதிப்பிலிருந்தே ஆண்ட்ராய்டு செய்கிறது. போன் சும்மா கிடக்கும்போதுதான் அதற்கு நேரம் கிடைக்கும். மறுநாள் காலை அழைப்பு வந்தது, பெயர் வந்தது, எடுத்தார்.

எல்லாப் போனுக்கும் இதே மருந்து என்று சொல்ல வரவில்லை. திரை உறைந்ததா, தொடுதல் மட்டும் வேலை செய்யவில்லையா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். உறைந்தது போல இருக்கும்போது வால்யூம் பட்டனை அழுத்துங்கள். திரையில் ஒலி அளவுக் கோடு ஏறி இறங்கினால் போன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, தொடுதிரையில்தான் கோளாறு. சார்ஜ் போட்டிருக்கும்போது மட்டும் திரை தறிகெட்டுப் போனால் சார்ஜரை மாற்றிப் பாருங்கள். பின்பக்கம் லேசாக உப்பியிருந்தாலோ, திரையின் ஓரம் மேலே தூக்கியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அந்தப் போனை உடனே அணைத்துவிட வேண்டும், சார்ஜ் போடவே கூடாது, பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். குத்திப் பார்க்கிற, அழுத்திப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

மெமரி கார்டு போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். கார்டு கெட்டுப்போகும் நிலையில் இருந்தால், அதைப் படிக்க முயன்று முயன்று போன் மொத்தமும் நின்று நின்று போகும். ஆனால் கார்டை உள் ஸ்டோரேஜாக மாற்றி வைத்திருப்பவர்கள் சட்டென்று பிடுங்கிவிடாதீர்கள், ஆப்களும் அதில்தான் இருக்கும்.

புதிதாக ஏதோ ஒரு ஆப் போட்ட பிறகுதான் தொல்லை என்ற சந்தேகம் இருந்தால் சேஃப் மோட் இருக்கிறது. பல போன்களில் பவர் ஆஃப் என்ற எழுத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் கேட்கும். அதில் நாம் போட்ட ஆப் எதுவும் ஓடாது. அப்போது போன் வழுக்கிக்கொண்டு ஓடினால் குற்றவாளி நாம் போட்ட ஆப்களில்தான் இருக்கிறான், கடைசியாகப் போட்டதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கலாம். சில சமயம் நம் மேல் தப்பே இருக்காது. 2021 மார்ச்சில் ஆப்களுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் வெப்வியூ என்ற ஆண்ட்ராய்டு உறுப்பில் வந்த கோளாறால் உலகம் முழுக்க ஆப்கள் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டன, கூகுள் புது அப்டேட் கொடுத்த பிறகுதான் சரியானது. அன்றைக்குப் பதறிப்போய் ரீசெட் செய்தவர்களுக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

ரீசெட் கடைசி வழி. வேலை செய்யும், சில நேரம் அற்புதமாகவே வேலை செய்யும். ஆனால் உங்கள் துணுக்கு ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை. படங்களை வேறு இடத்தில் எடுத்து வைக்க வேண்டும், வாட்ஸ்அப்புக்குத் தனியாகப் பேக்கப் எடுக்க வேண்டும், கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு கையில் இருக்க வேண்டும். போனை அணைத்துவிட்டு, பட்டன்களை அழுத்தினால் வரும் ரெக்கவரி என்ற பழுதுநீக்கும் திரை வழியாக ரீசெட் செய்தால், போன் திரும்ப எழுந்ததும் பழைய கணக்கைக் கேட்கும், தெரியாவிட்டால் உள்ளேயே விடாது. திருடனைத் தடுக்க வைத்த பூட்டு, அதில் மாட்டுவது பெரும்பாலும் சொந்தக்காரர்தான்.

இன்னொரு சங்கதியும் உங்கள் பக்கத்தில் வர வேண்டும். இப்போது பல போன் பெட்டிகளில் 8 ஜிபி என்று பெரிதாகப் போட்டிருக்கும், கீழே பொடி எழுத்தில் நான்கும் நான்கும் என்றிருக்கும். இரண்டாவது நான்கு ரேமே கிடையாது, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கிய இடம். ரேமை விட ஸ்டோரேஜ் பல மடங்கு மெதுவானது. ஏற்கனவே திணறும் இஎம்எம்சியின் மேல் இந்தச் சுமையையும் ஏற்றினால் என்ன ஆகும்? ஸ்டோரேஜ் நிரம்பிய போனாக இருந்தால் செட்டிங்ஸில் இந்தக் கூடுதல் ரேமை அணைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் அப்படியே விட்டுவிடலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு ஒரு லேபிள் கட்டாயம். பேட்டரி எத்தனை சார்ஜ் சுழற்சி தாங்கும், கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும், பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதெல்லாம் அதில் இருக்கும். நல்ல விஷயம். ஆனால் அதிலும் ஸ்டோரேஜ் எந்த வகை என்று போட வேண்டியதில்லை. கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பது எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது, இஎம்எம்சியா யுஎஃப்எஸ்ஸா என்பது பெரும்பாலும் பெட்டியில் இருக்காது, வாங்குகிறவருக்கு அப்படி ஒன்றைக் கேட்க வேண்டும் என்றே தெரியாது.

இனி போன் விமர்சனம் போடும்போது நீங்களாவது அதைக் கேட்டுப் போடுங்கள். ஸ்டோரேஜ் எந்த வகை, பெட்டியைத் திறந்ததும் உண்மையில் எத்தனை ஜிபி காலி, ரேமில் எவ்வளவு நிஜம், அப்டேட் எத்தனை வருடம். நான்கு வரி போதும், விமர்சனத்தின் மேலேயே ஒரு கட்டம் கட்டிப் போடலாம். 2 ஜிபி ரேம் போனை வைத்திருப்பவர்களுக்கும் ஒளிக்காமல் சொல்லுங்கள். ரேம் குறைந்த போன்களுக்கென்றே வரும் ஆண்ட்ராய்டு கோ என்ற எளிய வடிவத்துக்கே 13ஆம் பதிப்பிலிருந்து 2 ஜிபி குறைந்தபட்சமாகிவிட்டது. அந்த போனில் லைட் ஆப்களை வைத்துக்கொண்டு அழைப்பு, செய்தி என்று கொஞ்ச நாள் ஓட்டலாம், அதற்கு மேல் காசு செலவழித்துச் சரிபார்ப்பது வீண்.

அக்கா போன் இப்போது ஓடுகிறது. புத்தம்புதிது போல என்று சொல்ல மாட்டேன், கேமரா திறக்க இன்னும் இரண்டு நொடி எடுக்கிறது. உங்கள் துணுக்கை அவர் இன்னும் தூக்கிப் போடவில்லை, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார், மூன்று யோசனையிலும் முதல் இரண்டின் மேல் பேனாவால் கோடு போட்டிருக்கிறார். திருத்தம் வெளியிட்டால் அதன் மேலேயே ஒட்டிக்கொள்வதாகச் சொல்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்