ஜெர்மனியின் ஃப்ரைசிங்கிலிருந்து அம்மாவுக்கு

ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதமும் காபிப்பொடியும் வந்து இருபது நாளாகிறது. பதில் போடாதது தப்புதான். போனில் பேசினாலோ நீ வாயைத் திறப்பதற்குள் சின்னவள் பிடுங்கிக்கொள்கிறாள்.

கீழ் வீட்டுப் பாட்டியைக் கேட்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமையில் காலி பாட்டிலைத் தொட்டியில் போட்ட சத்தத்துக்குச் சண்டைக்கு வந்தாளே, அவள்தான். போன வாரம் டிகாஷன் இறங்கும்போது கதவைத் தட்டினாள். சிக்கரி வாசனையாம்! போர் முடிந்த காலத்தில் காபிக்கொட்டை கிடைக்காமல் அவர்கள் வீட்டில் வெறும் சிக்கரிதானாம். ஒரு டம்ளர் குடித்தாள். இப்போது வணக்கம் சொல்கிறாள்.

ஆய்வுக்கூடத்தில் காபியிலிருந்து வாசனையை மட்டும் எப்படிப் பிரிக்கிறான் என்று அப்பா கேட்டாராமே. போட்ட காபியை ஈதர் என்ற திரவத்தோடு குலுக்குவோம், வாசனை அதில் இறங்கிவிடும். பிறகு ஒரு கண்ணாடிக் கருவி. பக்கத்து ஊரான கார்ஹிங்கில் உருவாக்கி 1999-ல் வெளியிட்டது. உள்ளேயிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டுச் சொட்டுச் சொட்டாக விட்டால் 40 டிகிரியிலேயே வாசனை ஆவியாகும். மறுபுறம் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்தபின் இந்த ஊர்க் குளிர் பெரிதாகத் தெரிவதில்லை. அறையில் ஹீட்டரைக் குறைத்தே வைக்கிறேன், சூட்டில் தூக்கம் வராது.

கடைசியில் சில துளிதான் மிஞ்சும். அதை வேறொரு கருவியில் ஏற்றினால் வாசனைகள் ஒவ்வொன்றாகக் குழாய் வாயில் வரும். அங்கே என் மூக்கு. முதலில் வெண்ணெய், அப்புறம் வறுத்த காபி. அது ஃபர்ஃபுரைல்தயால் என்ற வேதிப்பொருள், பிளாஸ்கில் வைத்தால் காபியின் கருநிறப் பொருளே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்பா ஆறின டிகாஷனைத் தொடாததில் நியாயம் இருக்கிறது. பிறகு வெந்த உருளைக்கிழங்கு, புகை. செவ்வாய்க்கிழமை திடீரென்று வெந்தயம்! சோடோலோன் என்று பெயர், வெந்தயத்தில் மணப்பதும் அதேதான். இங்குள்ளவர்கள் சூப் மசாலா என்று குறித்துக்கொள்கிறார்கள். எனக்கு நீ வத்தக்குழம்புக்குத் தாளிப்பது காதில்கூடக் கேட்டது. வாசனை வந்ததும் அழுத்த வேண்டிய பொத்தானை அழுத்த மறந்துவிட்டேன். மறுபடி முதலிலிருந்து ஓட்டினோம்.

அது கிடக்கட்டும். பெரியப்பா கொல்லை வேலியைத் தள்ளிப் போட்டதற்கு அப்பாவைச் சண்டைக்கு விடாதே. சர்வேயரை வைத்து அளக்கச் சொல். பட்டா இரும்புப் பெட்டியில், மேல் தட்டில். ஓடு மாற்றும் பணம் மாசிக்குள் வந்துவிடும், பாங்கில் ஏதோ தாமதம். அக்கா வளைகாப்புக்கு இப்போதைக்கு மாமாவிடம் கைமாற்று வாங்கிக்கொள்.

பொடி இனி அனுப்பாதே, பார்சல் செலவு அதிகம். அனுப்பினால் கால் கிலோ போதும்.

உன் மகன்