மாத்திரையை முழுங்குற வரைக்கும் நின்னவங்களுக்கு நன்றி

கடலூர் மாவட்டத்துல எங்க ஊர் பக்கம் வேலை பார்த்த, இப்பவும் பார்க்குற சுகாதாரத் துறைக்காரங்க எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், யானைக்கால் இருக்கற எங்க அம்மாவுக்கு இந்த வருஷம் ஒரு தடவை கூட நெறி கட்டி ஜுரம் வரல, அந்த சந்தோஷத்துல இன்னிக்கு எழுதிடறேன்.

1996-ல நம்ம மாவட்டத்துல வீடு வீடா யானைக்கால் மாத்திரை குடுக்க ஆரம்பிச்சப்ப யாரு மதிச்சா? "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, நான் ஏன் போடணும்"னு சட்டம் பேசுவாங்க, வாங்கி முந்தானையில முடிஞ்சுகிட்டு அப்புறமா சாக்கடையில போடுவாங்க. நல்லா இருக்கறவங்க ரத்தத்துலயும் புழு இருக்கும், கொசு அதை அடுத்தவங்களுக்கு கொண்டு போகும், தாய்ப்புழு வருஷக்கணக்கா உயிரோட இருக்கும், அதனாலதான் வருஷா வருஷம் எல்லாரும் போடணும்னு வாசல் வாசலா நின்னு தொண்டை வத்த சொன்ன நர்சம்மாவுக்குத்தான் முதல் நன்றி. "சாப்டாச்சா?"ன்னு கேட்டு, பெரியவங்களுக்கு மூணு, பள்ளிக்கூட பசங்களுக்கு ரெண்டுன்னு எண்ணிக் குடுத்து, வாயைத் தொறந்து காட்டுன்னு பார்த்துட்டுதான் அடுத்த வீட்டுக்குப் போவாங்க. மாத்திரை போட்ட ராத்திரி நாலு பேருக்கு காய்ச்சல் தலைவலின்னு தெருவே சண்டைக்கு போச்சு, உள்ள இருக்கற புழு சாகுறதாலதான் அப்படின்னு பொறுமையா சொல்லிட்டு மறுநாளும் அதே தெருவுக்கு வந்தாங்களே, அந்த தைரியம் எனக்கெல்லாம் வராதுப்பா.

ராத்திரி பத்து மணிக்கு மேல விரல்ல குத்தி ரத்தம் எடுத்த லேப் அண்ணங்களுக்கும் நன்றி (அந்த குட்டிப் புழு ராத்திரியிலதான் ரத்தத்துல சுத்துமாம், எங்க தெரு நாய்ங்ககிட்ட அவங்க பட்ட பாடு இருக்கே!).

அம்மா கால் இதுக்கெல்லாம் முன்னாடியே வீங்கினது, மாத்திரையால அது இறங்காது. ஆனா பி.எச்.சி-ல (ஆரம்ப சுகாதார நிலையத்துல) சொல்லிக் குடுத்தபடி தினம் பச்சைத் தண்ணி, சாதா சோப்பு போட்டு தோல் மடிப்பு, விரல் இடுக்கு எல்லாம் மெதுவா கழுவி, பழைய வேட்டித் துணியால ஈரம் போக ஒத்தி எடுத்து, இடுக்குல புண் இருந்தா களிம்பு தடவி, படுக்கும்போது காலுக்கு அடியில தலைகாணி வெச்சுக்கறாங்க. அந்தப் புண்ணு வழியா கிருமி போயித்தான் ஜுரமே வருதாம். மாசம் 1000 ரூபா உதவித்தொகைக்கு மனு எழுதிக் குடுத்த அங்கன்வாடி டீச்சருக்கும் நன்றி.

1996-க்கு அப்புறம் எங்க தெருவுல பொறந்த பசங்க ஒருத்தருக்கும் யானைக்கால் இல்ல. அந்த நர்சம்மா இந்நேரம் ரிடையர் ஆகியிருப்பாங்க, தெரிஞ்சவங்க யாராவது இதை அவங்களுக்கு காட்டுங்க, அம்மா பேசணும்னு கேட்டுட்டே இருக்காங்க.