தம்பியின் எடையைப் பற்றி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், ஆனால் நீ கேட்டிருந்ததற்கு அவசரமாக எதையாவது எழுதிவிட மனம் வரவில்லை. உன் மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். உன் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததும் நிம்மதி. அதையெல்லாம் அடுத்த கடிதத்தில் ஆற அமரப் பேசலாம். இப்போது தம்பி விஷயம்.

பைபோலார், அதாவது மனம் ஒரு சமயம் அளவுக்குமீறிப் பொங்கி இன்னொரு சமயம் ஒரேயடியாகச் சோர்ந்துபோகும் நோய் என்று சொல்லி லித்தியம், ஓலான்சபின் என்ற மாத்திரைகளை ஆரம்பித்து நான்கு மாதமாகிறது, ராத்திரி தூங்குகிறான், பேச்சு நிதானமாகிவிட்டது, ஆனால் 9 கிலோ கூடிவிட்டது, மாத்திரையை நிறுத்தப்போகிறேன் என்கிறான் என்று எழுதியிருந்தாய். "வாயைக் கட்டு என்று தினமும் சொல்கிறேன், கேட்டால்தானே" என்றும் எழுதியிருந்தாய். அந்த வரிதான் உறுத்திக்கொண்டே இருந்தது. அதே வார்த்தையை நான் அதே நோயுள்ள என் அக்காவிடம் இரண்டு வருஷம் சொல்லியிருக்கிறேன். அவள் ஒருநாள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "சாப்பிட்டுக் கை கழுவும்போதே மறுபடி பசிக்குது. இது என் பசி மாதிரியே இல்லை" என்று அழுதாள். அப்புறம்தான் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஓலான்சபின் பசியைக் கூட்டுகிறது, வயிறு நிறைந்துவிட்டது என்ற உணர்வை மழுங்கடிக்கிறது. அதோடு சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றக்கூடியது. தம்பியைத் திட்டாதே. அவன் சொல்வது உண்மையான உபாதை, அதை உபாதையாகவே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

அதுவும் தள்ளிப்போடாமல் போ. இந்த மருந்தில் எடை வேகமாக ஏறுவது முதல் சில மாதங்களில்தான். மருந்தை மாற்றலாமா, அளவைக் குறைக்கலாமா, எடையைக் கட்டுப்படுத்த மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையைச் சேர்க்கலாமா என்று நேரடியாகக் கேள். இதற்கெல்லாம் வழி இருக்கிறது, ஆனால் நாம் கேட்காவிட்டால் "மனசு நன்றாக இருக்கிறதல்லவா" என்று அடுத்த சீட்டை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எல்லோரையும் சொல்லவில்லை. எங்களுக்கு அப்படி நடந்தது.

அவனாக மாத்திரையை நிறுத்த மட்டும் விடாதே. லித்தியத்தைத் திடீரென்று விட்டால் நோய் வேகமாகத் திரும்பிவரக்கூடும். 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் மேனியா நிலையில், அதாவது மனம் கட்டுக்கடங்காமல் பொங்கும் நிலையில் இருந்தவர்களுக்கு இது பலன் தருவதை எழுதினார். எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் அதற்கு இணையாகச் சொல்ல வேறு மருந்து அதிகம் இல்லை. தற்கொலையைத் தடுப்பதில் அதற்கு இருக்கும் பெயர் சாதாரணமானதில்லை. என் அக்கா இன்று உயிரோடு இருப்பதற்கு அது ஒரு காரணம் என்று முழுமனதோடு நம்புகிறேன்.

ஆனால் அதே லித்தியத்தால் அவளை இழந்திருப்போம். அதை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை.

அவளுக்கு மூட்டுவலி. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி ஒரு வாரமாகப் போட்டுக்கொண்டிருந்தாள், எங்களிடம் சொல்லவில்லை. நடுவில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் காலை தண்ணீர் டம்ளரை எடுத்து வாய்வரை கொண்டுபோவதற்குள் பாதி புடவையில் கொட்டிவிட்டது. லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு விரலில் மெல்லிய நடுக்கம் இருப்பது சகஜம், அவளுக்கும் வருஷக்கணக்காக உண்டு. இது அந்த நடுக்கமில்லை, கை முழுசாகத் தூக்கிப்போட்டது. நாக்கு குழறியது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். ஆஸ்பத்திரியில் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முப்பது வருஷம் கரும்பலகையில் முத்து முத்தாக எழுதியவள், காகிதத்தில் ஒரு கிறுக்கலை இழுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

அங்கிருந்த இளம் டாக்டர் பழைய சீட்டைப் பார்த்தார். "மனநோய்க்கு மருந்து எடுக்கிறாங்களா? அதுதான் திரும்பியிருக்கும்" என்று தூக்கத்துக்கு ஊசி போடச் சொன்னார். நான் பையிலிருந்த மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் மேசையில் கொட்டினேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் அம்மாதான், "லித்தியமா? அளவு பார்த்தீங்களா?" என்று கேட்டார். ரத்தத்தில் 2.1 இருந்தது. அக்காவுக்கு வழக்கமாக 0.7. பொதுவாக 0.6 முதல் 1.0 வரைதான் வைத்துக்கொள்வார்கள், 1.5ஐத் தாண்டினாலே ஆபத்து. சலைன் ஏற்றி, லித்தியத்தை நிறுத்தி, நாலு நாள் கழித்துத்தான் பேச்சு தெளிந்தது.

ஏன் அப்படி ஏறியது என்று பிறகு விளக்கினார்கள். சிறுநீரகம் லித்தியத்தை உப்பைப் போலவேதான் கையாள்கிறது. வயிற்றுப்போக்கிலோ வாந்தியிலோ காய்ச்சலிலோ உடம்பு வற்றினால், உப்பை வெளியே விடாமல் பிடித்துவைக்கும், லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளும், ரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரியவும் கொடுக்கும் சில மாத்திரைகளும் அது வெளியேறுவதைக் குறைத்துவிடும். தம்பிக்குப் பல்வலி, தலைவலி என்றால் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ளச் சொல். வேறு எது என்றாலும், "லித்தியம் சாப்பிடுகிறேன்" என்பதைச் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். டயட் என்று சொல்லி உப்பைத் திடீரென்று குறைப்பதும் கூடாது.

அந்த டாக்டர் மேல் கோபம் தீர எனக்கு நாளாயிற்று. அவர் கெட்டவர் இல்லை. மனநோய் என்று ஒரு சொல் சீட்டில் இருந்துவிட்டால் உடம்பு சொல்வது யார் காதிலும் விழுவதில்லை, அவ்வளவுதான். இதற்கு முன்பே எங்களுக்கு ஒருமுறை நடந்திருக்கிறது. அக்கா எட்டு மாதம் சோர்ந்து கிடந்தாள். மனச்சோர்வுதான் என்று மருந்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். கடைசியில் பார்த்தால் தைராய்டு குறைவு. லித்தியம் தைராய்டைக் குறைக்கக்கூடியது என்று தெரிந்தும், அதுவரை யாரும் சோதிக்கச் சொல்லவில்லை.

கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருஷம் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தற்கொலை என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை, பெரும்பகுதி உடம்பு நோய்கள், அதில் முதலிடம் இதயத்துக்கு. இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, பிரஷர், கொழுப்பு இவையெல்லாம் ஒருசேர ஏறி நிற்கும் நிலை பைபோலார் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருக்கிறது. மாத்திரையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தூக்கம் கெடுகிறது, சோர்ந்த நாட்களில் படுக்கையே கதி என்றாகிவிடுகிறது, சிகரெட் கூடுகிறது. இந்த நோய் உள்ள பதின்வயதுப் பிள்ளைகளுக்கே இதய நோய் சீக்கிரம் வரும் ஆபத்து இருப்பதாக அமெரிக்க இதய சங்கம் 2015இல் சொன்னது. அதனால் தம்பிக்கு இருபத்தாறு வயதுதானே என்று விட்டுவிடாதே.

அக்காவுக்கு நான் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். எடை, இடுப்பு அளவு, பிரஷர், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, அப்புறம் லித்தியம் அளவு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், தைராய்டு, கால்சியம். லித்தியம் முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். ராத்திரி மாத்திரை போட்டுப் 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். ஒருமுறை மாத்திரை போட்டபிறகு எடுத்து, அளவு எக்கச்சக்கமாகக் காட்டி, வீடே பயந்துபோனது. மனநல டாக்டரிடமும் பொது டாக்டரிடமும் அதே நோட்டைத்தான் நீட்டுகிறேன். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க எங்களுக்கு வேறு வழியில்லை.

பல்லையும் யாரும் கேட்கமாட்டார்கள். மருந்தால் வாய் காய்ந்து எச்சில் குறைவதால் பல் சொத்தையாகிறது. அக்கா இரண்டு கடைவாய்ப் பல்லை இழந்தபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. தாகத்துக்கு இனிப்புப் பானம் குடிக்காமல் தண்ணீராகக் குடிக்கச் சொல், எடைக்கும் பல்லுக்கும் நல்லது. சிகரெட்டை விடப்போகிறான் என்று எழுதியிருந்தாய், தாராளமாக விடட்டும். ஆனால் டாக்டருக்கு முன்கூட்டியே தெரியவேண்டும். சிகரெட் புகை ஓலான்சபினை உடம்பில் சீக்கிரம் கரைத்துக்கொண்டிருந்தது, விட்டதும் அதே மாத்திரை கூடுதலாக வேலை செய்யும்.

நடக்கச் சொல்லி வற்புறுத்துவதிலும் கவனம் வேண்டும். அக்கா மேனியாவில் இருந்த நாட்களில் பாதம் கொப்புளித்தது தெரியாமல் மணிக்கணக்கில் நடந்தாள். சோர்ந்த நாட்களில் செருப்பை மாட்டுவதற்கே அரைமணி ஆகும். இப்போது நான் கூடவே போகிறேன். சாயங்காலம் இருபது நிமிஷம், அவள் எங்கே திரும்பலாம் என்கிறாளோ அங்கே திரும்பிவிடுவோம். நீயும் தம்பியோடு போய்ப் பாரேன், எடையைப் பற்றி ஒன்றும் பேசாமல்.

இதை எழுதும்போது அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள்: ராத்திரியில் தம்பி எத்தனை முறை தண்ணீர் குடிக்கவும் சிறுநீர் கழிக்கவும் எழுந்திருக்கிறான்? மூன்று நாலு முறை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லச் சொன்னாள். எண்ணிப் பார்த்து எழுது.

அன்புடன்,
உன் தோழி